வாசகர் கேள்விகள்: எந்த முகத்துவாரம், எந்தப் படகு?

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த பலர், சொந்தமாக ஒரு மோட்டார் படகு வாங்கி அதிலேயே குடியிருந்து நெடுந்தூரம் போய்வர முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். கப்பல்களில் எஞ்சின் பிரிவில் காலம் கழித்து, ஓய்வுக்குப் பின் பழைய படகுகளைப் பார்வையிட்டு மதிப்புச் சொல்லும் வேலையையும் சில ஆண்டுகள் செய்தவன் என்பதால், இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

*

கேள்வி: ஐயா, நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஆண்டில் ஆறு மாதம் படகிலேயே வசித்து, நாகையிலிருந்து கேரளக் காயல்களுக்கும், வாய்த்தால் அந்தமானுக்கும் போய்வர ஆசைப்படுகிறோம். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகன் அனுப்பும் படங்களில் எல்லாப் படகுகளும் அழகாகவே இருக்கின்றன. 40 அடி அளவில் பழைய படகு ஒன்றை வாங்குவதானால் எதை முதலில் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் படகைக் கட்டிவைக்கப் போகும் முகத்துவாரம். நாகையில் கடுவையாறு, காரைக்காலில் அரசலாறு, பூம்புகாரில் காவிரி, பழையாற்றில் கொள்ளிடம் என்று நம் கரையில் படகு ஒதுங்கும் இடங்கள் பெரும்பாலும் ஆற்றின் வாயில்தான் இருக்கின்றன. ஐப்பசி வெள்ளம் வாயை அகலமாக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லாத கோடையில் அலை கொண்டுவரும் மணல் அதை மூடத் தொடங்கும். மேலும், நம் கரையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. குஜராத்திலோ வங்காளத்திலோ மணலில் தட்டிய படகை ஆறு மணி நேரம் பொறுத்தால் ஏறும் நீர் தூக்கிவிடும்; இங்கே அப்படித் தூக்க நீர் ஏறாது. ஆகவே, படகு நீரில் எவ்வளவு அமிழ்கிறது என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். 40 அடி அளவில் பெருங்கடலுக்கென்று கட்டப்பட்ட படகுகள் பொதுவாக நான்கரை முதல் ஐந்தரை அடி வரை அமிழும். விற்பவர் தாளில் காட்டும் அளவு காலிப் படகின் அளவாக இருக்கக்கூடும். எண்ணெய், குடிநீர், சாமான், விருந்தினர் எல்லாம் ஏறிய பிறகு அரை அடி கூடியிருந்தால் வியப்படைய வேண்டாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், முழுச் சுமையில் ஐந்து அடிக்கு மேல் அமிழும் படகை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்க்கக்கூடப் போகமாட்டேன்.

அடுத்தது அடிப்பகுதியின் வடிவம். நீரை விலக்கிக்கொண்டு நிதானமாகப் போகும் கனத்த அடி ஒரு வகை. வேகம் கூடும்போது நீரின் மேல் ஏறிச் சறுக்கும் தட்டையான அடி இன்னொரு வகை. இரண்டுக்கும் இடைப்பட்டது மூன்றாவது. நெடுந்தூரத்துக்கு ஏற்றது முதல் வகை. அதன் வேகத்துக்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வருவது நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) அந்த வரம்பு. நீர்மட்ட நீளம் 38 அடியானால் ஏறக்குறைய 8.3 நாட். படகு தானே எழுப்பும் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகும் இடம் அது. அதற்கு மேல் எஞ்சினை முடுக்கினால், படகு தன் அலையின் மேட்டில் ஏற முயன்று எண்ணெயைக் குடிக்குமே தவிர வேகம் கூடாது.

இதைக் கணக்கில் காட்டினால்தான் மனத்தில் பதியும். நாகையிலிருந்து போர்ட் பிளேர் நேர்க்கோட்டில் சுமார் 760 கடல் மைல். மேலே சொன்ன அளவுள்ள கனத்த படகு 7 நாட்டில் போகும்போது மணிக்கு 9 லிட்டர் டீசல் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயணம் 109 மணி நேரம், அதாவது நாலரை நாள். எண்ணெய் ஏறக்குறைய 980 லிட்டர். அதே படகை 6 நாட்டுக்குக் குறைத்தால், தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் குறைவதால், மணிக்கு 6 லிட்டருக்கும் கீழே வந்துவிடும். பயணம் 18 மணி நேரம் நீண்டாலும் மொத்தச் செலவு 720 லிட்டரை ஒட்டி நிற்கும். இரண்டு 300 குதிரைத்திறன் எஞ்சின்கள் பூட்டிய சறுக்கும் படகு 20 நாட்டில் போகும்போது மணிக்கு 100 லிட்டர் அளவில் எரிக்கும். 760 மைலுக்கு அதற்கு 3,800 லிட்டர் வேண்டும், அத்தனை எண்ணெயை ஏற்றினால் அது சறுக்கவே சறுக்காது. உங்கள் மகன் அனுப்பிய படங்களில் மூக்கு கூர்மையாகவும் கண்ணாடி சாய்வாகவும் இருப்பவை பெரும்பாலும் இந்த வகை என்று நினைக்கிறேன்.

எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கைப் போகவும், ஒரு பங்கைத் திரும்பவும், ஒரு பங்கைத் தொடாமல் இருப்பாகவும் வைப்பது பழைய மாலுமிகளின் பழக்கம். திரும்பும்போது நிரப்பிக்கொள்ள இடம் உறுதியாக இருந்தால் திரும்பும் பங்கை விட்டுவிடலாம். இருப்புப் பங்கை விடக் கூடாது. அந்தக் கணக்கில், 6 நாட்டில் நிதானமாகப் போனால், 1,500 லிட்டர் கொள்ளும் படகு அந்தமானுக்குப் போதும். அதைவிடப் பெரிய தொட்டி இருந்தால் நல்லதுதான். ஆனால் பல மாதம் கிடந்த டீசலில் நீர் சேர்ந்து பூஞ்சை படரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிறு மோட்டார் படகில் பெருங்கடலைக் கடக்கலாம் என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஓய்வு பெற்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி ராபர்ட் பீபி என்பவர் 50 அடிப் படகு ஒன்றை 1963-இல் சிங்கப்பூரில் கட்டுவித்து, நம் இந்தியப் பெருங்கடலையும் செங்கடலையும் கடந்து கிரேக்கம் வரை ஓட்டிச் சென்றார். மகன் இருக்கும் ஊரில் பிறந்த மரபு இது என்று உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். அனுமதி சற்று எளிதில் கிடைக்கலாம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கட்டப்பட்ட 'கிராண்ட் பேங்க்ஸ்' வகைப் படகுகள் அந்தப் பக்கத்தில் நிறையக் கிடைக்கும். கட்டுமானம் உறுதியானது, ஆனால் அவை இடைப்பட்ட அடி கொண்டவை, கரையோரப் பயணத்தை எண்ணி வடிவமைக்கப்பட்டவை. கேரளம் வரை உங்கள் திட்டம் என்றால் அவை போதும். அந்தமானையும் சேர்த்தால் 'நார்டாவன்', 'கேடி குரோகன்' போன்ற கனத்த அடி கொண்ட படகுகளின் பக்கம் போக வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறும். ஐரோப்பிய விதிப்படி கட்டப்பட்ட படகானால் அதன் தகட்டில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து இருக்கும். 'பி' என்றால் மாலுமிகளின் பியூபோர்ட் அளவுகோலில் காற்றின் விசை 8 வரையிலும் 4 மீட்டர் அலை வரையிலும் தாங்கும் வடிவம். 'ஏ' அதற்கும் மேல். 'சி' என்றால் 2 மீட்டர் அலைதான். 'சி' படகில் அந்தமானுக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சுங்க முகவரிடம் வரி மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய விசைப்படகு இருக்கிறது. நான் தொழிலை விட்டுவிட்டேன். அதன் மேல் அறைகள் கட்டி வீட்டுப் படகாக மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, அதனாலேயே சற்று விரிவாகப் பதில் சொல்கிறேன். முடியும். கனத்த அடி, ஏரா என்னும் அடிக்கட்டை, பெரிய புரொப்பெல்லர், மெதுவாகச் சுழலும் கியர் என்று வெளிநாட்டார் பெரும் பணம் கொடுத்துத் தேடும் பல அம்சங்கள் நம் விசைப்படகில் ஏற்கெனவே இருக்கின்றன. லேலண்ட் எஞ்சின் என்றால் உதிரிப் பாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் துறைமுகத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. இந்த வசதியை லேசாக எண்ணாதீர்கள். வெளிநாட்டு எஞ்சினுக்கு ஒரு வாட்டர் பம்ப் சீலுக்காக ஆறு வாரம் காத்திருந்த படகு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு வாரத்தில் நல்ல பருவமே கடந்துவிட்டது.

ஆபத்து மேற்கட்டுமானத்தில் இருக்கிறது. மீன்பிடிப் படகின் எடை கீழே இருந்தது: நடுவில் ஐஸும் மீனும் நிறைந்த கிடங்கு, அதன் பின்னால் எஞ்சின், அடியில் எண்ணெய். கிடங்கைக் காலி செய்து அங்கே கட்டில் போடுகிறீர்கள். மேலே பலகையும் கண்ணாடியும் தண்ணீர்த் தொட்டியும் சோலார் தகடும் ஏற்றுகிறீர்கள். எடை மேலே போய்விடுகிறது. துறைக்குள் படகு சாதுவாக நிற்கும்; முகத்துவாரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் முதல் பெரிய அலை வந்தவுடன் சாய்ந்து, நிமிர யோசிக்கும். அந்த யோசனைதான் ஆளைக் கொல்லும். படகு சட்டென்று வெட்டி வெட்டி ஆடினால் உடம்புக்குத் தொல்லையே தவிரப் படகுக்கு ஆபத்து குறைவு. மெத்தையில் ஆடுவதுபோல் மெதுவாக ஆடினால் பயணிக்குச் சுகம், அனுபவமுள்ளவனுக்குக் கலக்கம்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அமைதியான நீரில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு, இரண்டு மூன்று பேர் ஒரு பக்கமாக ஏறி இறங்கிப் படகை ஆட்டிவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்பி வரும் முழு ஆட்டத்துக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பத்து ஆட்டங்களை எண்ணிச் சராசரி பாருங்கள். அந்த வினாடிகளின் எண்ணிக்கை, மீட்டரில் படகின் அகலத்தைத் தாண்டினால் மேல் எடை அதிகம் என்று எச்சரிக்கை கொள்ள வேண்டும். 5 மீட்டர் அகலப் படகு 5 வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. இது மேலோட்டமான அளவுகோல்தான். அறை கட்டுவதற்கு முன்பும் பின்பும் கப்பல் வடிவமைப்பாளர் ஒருவரைக் கொண்டு எடை வைத்துச் சாய்த்துப் பார்க்கும் முறையான சோதனையைச் செய்யாமல் கடலுக்குப் போக வேண்டாம். கட்டுமானத்தில் தேக்குப் பலகைக்குப் பதிலாக லேசான பைபர் பலகை, உயரத்தில் ஒரே தளம், தண்ணீர்த் தொட்டிகள் பழைய கிடங்கின் அடியில் என்று திட்டமிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மாடி வைக்கும் ஆசையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இரும்புப் படகானால் தகட்டின் கனத்தை மீயொலிக் கருவியால் ஓர் அடிக்கு ஓர் இடம் என்று அளக்கச் சொல்லுங்கள். நீர்மட்டக் கோட்டை ஒட்டியும், உள்ளே ஐஸ் உருகிய உப்புநீர் தேங்கிய கிடங்கின் மூலைகளிலும் தேய்மானம் அதிகமாக இருக்கும். மரப் படகானால் துளைப் புழுவைத் தேட வேண்டும். வெளியே ஊசிமுனைத் துளைதான் தெரியும், உள்ளே பலகை தேன்கூடாக இருக்கும். மீன் வாடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, உங்களுக்குத் தெரியாது. ஆனால் விருந்தினருக்குத் தெரியும். கிடங்கின் பழைய காப்புப் பஞ்சை முழுவதும் பிய்த்தெடுத்தாலொழிய அது போகாது.

*

கேள்வி: ஒரே எஞ்சின் இருக்கும் படகில் நடுக்கடலில் அது நின்றுவிட்டால் என்ன செய்வது? இரண்டு எஞ்சின் பாதுகாப்பானது அல்லவா?
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: ஒரே அழுக்கு டீசல் இரண்டு எஞ்சின்களுக்கும் போனால் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். டீசல் எஞ்சின் வழியில் நிற்பதற்கு எண்ணெயில் உள்ள நீரும் அழுக்கும்தான் முதற்காரணம்; அதற்கு மருந்து இரண்டாவது எஞ்சின் அல்ல, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிக்கொள்ளக்கூடிய இரட்டை வடிகட்டியும், வடிகட்டிய எண்ணெயை மட்டும் வைக்கும் சிறிய அன்றாடத் தொட்டியும்தான்.

நம் கடலுக்கென்று இன்னொரு காரணமும் சேர்கிறது. இரவில் கோடியக்கரைக்கு வடக்கே எந்தத் திசையில் போனாலும் செவுள் வலைகள் மிதக்கும். ஒற்றை எஞ்சின் படகில் புரொப்பெல்லர் ஏராவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும். அடியில் ஓர் இரும்புச் சட்டம் சுக்கானையும் தாங்கும். இரட்டை எஞ்சின் படகில் இரண்டு புரொப்பெல்லரும் பக்கவாட்டில் திறந்த வெளியில் தொங்கும். வலையையோ மணல் திட்டையோ முதலில் தொடுவது அவைதான். வலை அறுந்தால் அது இன்னொருவரின் பிழைப்பு என்பதையும் நான் சொல்லாமல் விட முடியாது. ஆகவே என் தேர்வு, பாதுகாக்கப்பட்ட ஒற்றை எஞ்சின், ஷாப்டில் கயிறு அறுக்கும் கத்தி, அவசரத்துக்குத் தனி ஷாப்டுடன் 25 அல்லது 30 குதிரைத்திறன் சிறு எஞ்சின். துறைக்குள் திருப்புவது கடினம் என்பீர்கள். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், ஒரு பக்கவாட்டு உந்தி பொருத்தினால் அந்தக் குறையும் தீரும்.

*

கேள்வி: கணவருக்கு ஆசை இருக்கிறது, எனக்குச் சமையலறையைப் பற்றிய கவலைதான் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், கேஸ் இவற்றை எப்படிச் சமாளிப்பது? மாவு அரைக்க முடியுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, மாவு அரைப்பது மிக எளிது. கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே செலவாகும். நாள் முழுவதும் ஓடும் பிரிட்ஜ்தான் மின்சாரத்தைத் தின்னும். அது ஒரு யூனிட் வரை எடுக்கும். மின்விசிறி, விளக்கு, பம்ப், கருவிகள் எல்லாம் சேர்ந்தால் இருவருக்கு நாளொன்றுக்கு 3 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 800 வாட் சோலார் தகடு நம் வெயிலில் ஏறக்குறைய அதை ஈடுகட்டும். 12 வோல்ட்டில் 400 ஆம்பியர் மணி கொள்ளும் லித்தியம் பாட்டரி ஒரு மேகமூட்டமான நாளைத் தாண்டவைக்கும். பழைய ஈய பாட்டரியானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் இரு மடங்கு வாங்க வேண்டியிருக்கும். ஏசி வேண்டும் என்றால் இந்தக் கணக்கு முழுவதும் குலைந்து ஜெனரேட்டர் வந்துவிடும்; இரவு முழுவதும் அதன் ஓசையும் கூடவே வரும். காற்று நுழையும் பெரிய மேல்திறப்புகள் கொண்ட படகைத் தேடுங்கள் என்பதே என் யோசனை. குளிர்நாட்டுக்காகக் கட்டிய படகில் சன்னல் திறக்காது. சித்திரை வெயிலில் அது சூளைதான்.

தண்ணீர் சிக்கனமாக இருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர். 1,000 லிட்டர் தொட்டி இருபது நாள் வரும். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் நல்லதுதான். ஆனால் நம் முகத்துவாரங்களின் வண்டல் கலந்த நீரில் அதை ஓட்டினால் வடிகட்டி ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். கரையை விட்டு நீலத் தண்ணீருக்கு வந்த பிறகே ஓட்ட வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வடிகட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெள்ளக் காலத்தில் ஆகாயத்தாமரை வேர் ஒன்று போதும், எஞ்சின் சூடாகிவிடும்.

கேஸ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம்; படகில் அது அடித்தளத்துக்கு இறங்கித் தேங்கி, ஒரு ஸ்விட்சின் பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர் மேல்தளத்தில் தனிப்பெட்டியில், அடியில் கடலுக்குத் திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். சமையலறையில் கசிவு உணர் கருவி இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத படகைக் கணவர் காட்டினால் அதைச் சரிசெய்யும் வரை ஏற மறுத்துவிடுங்கள். அடுப்பு, படகு சாயும்போது தானும் ஊசலாடிச் சமநிலையில் நிற்கும் வகையில் தொங்கவிடப்பட்டிருக்கிறதா, மேடையின் ஓரத்தில் பாத்திரம் வழுக்காமல் இருக்கச் சட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிகாஷன் இறங்கும் நேரம் வரை பில்டர் நிமிர்ந்து நிற்க வேண்டுமே.

*

கேள்வி: மோட்டார் படகு அதிகமாக ஆடும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஆடும். பாய்மரம் காற்றில் சாய்ந்து படகை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் படகுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. பாக் நீரிணை ஆழம் குறைந்தது என்பதால் அலைகள் உயரத்தைவிட நெருக்கத்தில் தொல்லை கொடுக்கும். மூன்று தீர்வுகள் வழக்கில் உள்ளன: இரு பக்கமும் நீண்ட கம்புகளை நீட்டி நீருக்குள் தகடு கட்டித் தொங்கவிடுவது, பக்கவாட்டில் துடுப்புப்போல் இயங்கும் ஹைட்ராலிக் தகடுகள், கனத்த சக்கரத்தை அதிவேகமாகச் சுழற்றும் கைரோ. மூன்றாவது மின்சாரத்தைக் கேட்கும்; இரண்டாவது மணலில் தட்டினால் உடையும், வலையிலும் மாட்டும். முதலாவது அவலட்சணமானது, மலிவானது, நம்மூர் வெல்டிங் பட்டறையிலேயே சரிசெய்யக்கூடியது, நங்கூரமிட்டிருக்கும்போதும் பயன்படுவது. எனக்கு முதலாவதே போதும்.

*

கேள்வி: மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை காவிரியில் படகிலேயே வரலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முடியாது. 2016-இல் இயற்றப்பட்ட தேசிய நீர்வழிச் சட்டத்தின் பட்டியலில் காவிரி – கொள்ளிடமும் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கதவணையும் மதகும் கல்லணையும் நடுவில் நிற்கின்றன, படகைத் தாண்டிவிடும் ஏற்பாடு இல்லை. மேட்டூர் மூடிய பிறகு மணலில் நடந்தே வரலாம்.

*

கேள்வி: பதிவு, அனுமதி, எல்லை இவற்றைப் பற்றிச் சொல்லுங்கள். பாம்பன் வழியாகப் போக முடியுமா?
– ஒரு வாசகர், சீர்காழி

பதில்: உள்நாட்டு நீர்வழிகளில் மட்டும் ஓடும் படகுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பொருந்தும். கடலுக்குப் போகும் படகு வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் வரும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது. வாங்குவதற்கு முன்பே தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் துறைமுக அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் படகை வாங்கும்போது அதில் செயற்கைக்கோள் தொலைபேசி இருந்தால் கரைக்குக் கொண்டுவருவதற்கு முன் கழற்றிவிடுங்கள். அனுமதியின்றி அதை வைத்திருப்பதே இங்கே குற்றம். வி.எச்.எப். ரேடியோவுக்கும் உரிமம் வேண்டும். கடலோரக் காவல்படையின் மீட்பு உதவி எண் 1554. ஆபத்தில் தானாக இருப்பிடத்தை அறிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் மிதவை ஒன்றைப் படகின் பெயரில் பதிவுசெய்து வைத்திருப்பது அவசியம்.

எல்லையைப் பற்றி நம் மீனவர்களைவிட நான் அதிகம் சொல்லிவிட முடியாது. 1974, 1976 ஒப்பந்தங்களின் கோடு நீரில் தெரியாது. வரைபடக் கருவியில் மட்டுமே தெரியும். நள்ளிரவில் ஓட்டம் இழுத்துக்கொண்டு போனாலும் தாங்கும் அளவுக்குக் கோட்டிலிருந்து விலகிய பாதையை முன்கூட்டியே குறித்து, கருவியில் எச்சரிக்கை மணி வையுங்கள். அந்தமானிலும் வட சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் நுழையக் கூடாது.

பாம்பன் வழியாகப் போனால் நாகையிலிருந்து கொச்சி 400 கடல் மைலுக்குள் அடங்கும். இலங்கையைச் சுற்றினால் 700 மைலைத் தாண்டும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நடுப்பகுதி செங்குத்தாக 17 மீட்டர் உயரும். ஆனால் பாலம் நமக்காக நினைத்த நேரத்தில் உயராது; துறைமுக அலுவலகத்தில் விண்ணப்பித்து, உள்ளூர் வழிகாட்டியோடு, மற்றப் படகுகளோடு வரிசையில் காத்திருக்க வேண்டும். கால்வாயின் ஆழம் குறைவு. தஞ்சை வாசகருக்கு ஐந்து அடி என்று நான் வரம்பு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

*

கேள்வி: ஐப்பசி, கார்த்திகைப் புயலில் படகை எங்கே வைப்பது?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: உங்கள் ஊர்க்காரருக்கு நான் புயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரை ஏறியது. நம் கரை வங்கக் கடலுக்கு நேராகத் திறந்து கிடக்கிறது. மீன்பிடித் துறைமுகங்கள் விசைப்படகுகளுக்கே போதாதவை, புயல் எச்சரிக்கை வந்தால் ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டியிருக்கும் அந்த வரிசையில் உங்கள் படகைச் செருகினால், காற்றைவிடப் பக்கத்துப் படகே அதிகம் சேதப்படுத்தும்.

எனவே இரண்டு வழிகள். செப்டம்பர் இறுதிக்குள் கரையேற்றி, எஞ்சின் நீரை வடித்து, தாங்குகட்டைகளைச் சங்கிலியால் பிணைத்து, தரையில் அறைந்த இரும்பு முளைகளோடு கட்டிப்போடுவது ஒன்று. தென்மேற்குக் காற்று ஓய்ந்தவுடன், அக்டோபர் முதல் வாரத்துக்குள் கொச்சிக்குப் போய்விட்டு, வாடை தணிந்த மாசி, பங்குனியில் திரும்புவது இன்னொன்று. அந்தமானுக்கும் அந்த மாதங்களே தோது. இரண்டாவது வழியிலும் குமரிமுனையை நவம்பரில் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்; 2017-இல் ஒக்கி அங்கேதான் உருவெடுத்தது. சேற்றடியில் நங்கூரமிட நேர்ந்தால் அகலத் தகடு கொண்ட டான்போர்த் வகையும், ஆழத்தின் ஏழு மடங்கு சங்கிலியும் இருக்கட்டும்.

*

கேள்வி: வாங்குவதற்கு முன் எப்போது, எப்படிச் சோதித்துப் பார்ப்பது?
– ஒரு வாசகர், அதிராம்பட்டினம்

பதில்: நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் காலம் அதுதான். பழைய விசைப்படகு வாங்குவோருக்கு இது நல்வாய்ப்பு. அடிப்பகுதி கண்ணெதிரே தெரியும், கரையேற்றும் செலவும் விற்பவருடையது. ஆனால் உங்கள் சொந்தப் படகுக்கு அந்த நேரத்தில் இடமும் கிடைக்காது, மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார்.

பைபர் படகானால் சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் அடிப்பகுதி முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மழுங்கும் இடத்தில் உள்ளே ஈரமோ பிளவோ இருக்கிறது. கொப்புளங்கள் ஒன்றிரண்டு இருந்தால் விலையைக் குறைக்கலாம், அம்மை போட்டதுபோல் இருந்தால் திரும்பி வந்துவிடலாம். எஞ்சின் எண்ணெயின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சோதனை ஓட்டத்துக்கு நீங்கள் போகும் நாளில் விற்பவர் எஞ்சினை முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், நாகரிகமாக விடைபெற்றுக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள்; குளிர்ந்த எஞ்சின் முதல் முயற்சியில் கிளம்புகிறதா, எந்த நிறப் புகை எவ்வளவு நேரம் வருகிறது என்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

கடலில் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். மற்றவர்கள் மேல்தளத்தில் காற்று வாங்கட்டும். நீங்கள் டார்ச் விளக்கோடு எஞ்சின் அறையில் இருங்கள். ஷாப்ட் நுழையும் இடம் கைபொறுக்காத அளவுக்குச் சூடாகிறதா, எஞ்சின் தாங்கிகள் துள்ளுகின்றனவா, வெப்பமானி ஓரிடத்தில் நிலைக்கிறதா என்று பாருங்கள். கிளம்பும்போது துடைத்து உலர்ந்திருந்த அடித்தளத்தில் திரும்பும்போது ஈரம் தெரிந்தால், எண்ணெய் படராத ஓரத்தில் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாவில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது, கரிக்காவிட்டால் தண்ணீர்த் தொட்டிதான் கசிகிறது.